பேச்சி வாய் திறந்த நாள்

எனக்குக் கொஞ்சம் வாய் நீளம். பிறந்த வீட்டில் சொன்னார்கள், புகுந்த வீட்டில் சொன்னார்கள், நான் நம்பவில்லை. சபை நடுவே அதை நிரூபித்துக் காட்டியவள் மூன்றரை வயதுப் பேச்சி.

அப்போது யுத்த காலம். பம்பாயில், அக்ரஹாரம் மாதிரியே இருந்த மாட்டுங்காவில் இரண்டே அறைகளில் நடந்த ஒரு பாலர் பள்ளியில் நான் டீச்சர். வயது பத்தொன்பது. குழந்தைகளுக்குப் பேச்சு எப்படி வருகிறது என்று ஒரு புத்தகத்தைப் பாதி படித்திருந்தேன் (விஷயமெல்லாம் மீதிப் பாதியில் இருந்திருக்க வேண்டும்).

பேச்சியின் அப்பாவுக்கு ரயில்வே பட்டறையில் வேலை. தாராவியில் குடியிருந்த திருநெல்வேலிக்காரர்கள். குலதெய்வத்தின் பெயரைத் தாங்கிய அந்தப் பெண் பேச மட்டும் மாட்டாள். வீட்டிலும் எல்லாவற்றுக்கும் கை காட்டுவதுதான்.

"காது நல்லாக் கேக்கும் டீச்சரம்மா. அக்கம்பக்கத்துல ஊமப்புள்ளன்னு சொல்லுதாவ," என்றாள் அவள் அம்மா. சொல்லும்போது தலை நிமிரவில்லை. உடனே நான், ஆண்டு விழாவில் உங்கள் பெண் எல்லோருக்கும் வணக்கம் சொல்வாள் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். (யார் கேட்டார்கள்?)

ஐந்து மாதம் அணில், ஆடு என்று படம் காட்டிக் கத்தினேன். என் தொண்டை கட்டியதுதான் மிச்சம். பேச்சி என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, நான் போகுமிடமெல்லாம் கூடவே வந்தாள். என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

எங்கள் பள்ளிக் காரியதரிசி நல்ல மனிதர். ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் வந்து குழந்தைகளுக்கு நெடுநேரம் உபதேசம் செய்வார். அவர் முடித்தால்தான் எங்களுக்குக் காபி. ரேஷன் சர்க்கரை போட்ட காபி ஆறுவதைப் பார்த்தபடி, பக்கத்திலிருக்கும் ஜானகி டீச்சரிடம் வாரம் தவறாமல் முணுமுணுப்பேன்.

ஆண்டு விழா வந்தது. பேச்சியின் அப்பா லீவு போட்டு, சலவைச் சட்டையில் வந்திருந்தார். அவளை மேடையில் நிறுத்தினேன். சபை காத்திருந்தது. அவள் சபையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் உதட்டை அசைத்து அசைத்துக் காட்டினேன். ஒன்றும் வரவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

பிறகு காரியதரிசி பேச எழுந்தார். பேசினார், பேசினார். நடுவில் தண்ணீர் குடிக்க நிறுத்தினார். அந்த நிசப்தத்தில் என் மடியிலிருந்து கணீரென்று ஒரு குரல் எழுந்தது.

"ஜானகி, இந்த மனுஷர் எப்போ முடிப்பார்? காபி ஆறிப் போறதுடி."

கூடவே ஒரு பெருமூச்சு. அதுவும் என்னுடையதுதான்.

குழந்தை ஏதோ உளறுகிறது என்று சமாளிக்கலாம் என்றால், ஒரு எழுத்துகூட திருநெல்வேலி இல்லை, அத்தனையும் சுத்த மாட்டுங்கா. சபை மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. ஜானகி நாற்காலிக்கு அடியில் எதையோ தேட ஆரம்பித்தாள்.

பேச்சியின் அம்மா மட்டும் எழுந்து நின்று, காரியதரிசியைப் பார்த்துக் கை கூப்பினாள். கண்ணில் தாரை தாரையாக நீர். "ஐயா, எம்புள்ள பேசிட்டா. நீங்க பேசுனதக் கேட்டுத்தான் பேசிட்டா."

அவர் அந்த அம்மாவைப் பார்த்தார். என் மடியிலிருந்தவளைப் பார்த்தார். என்னையும் ஒருமுறை பார்த்தார். (அதை எப்படி மறப்பேன்?) பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "நான் முடிச்சுட்டேன் குழந்தே. போய்க் காபி குடி," என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் ராஜினாமாக் கடிதத்தோடு போனேன். அவர் வாங்கவில்லை. இன்னும் யார் யார் பேசாமலிருக்கிறார்கள் என்று மட்டும் விசாரித்தார்.

ஒரு மாதம் கழித்து பேச்சியின் அம்மா தயங்கித் தயங்கி வந்தாள். "அப்பா வேல முடிஞ்சு வந்தா, 'கால அலம்பிண்டு உள்ள வாங்கோ'ங்கா டீச்சரம்மா. அவரு சிரிச்சுச் சிரிச்சு வாசல்லயே உக்காந்துட்டாரு. தெருவே அவள மாமிங்குது."

அந்தப் பெயர் போகவேயில்லை. கல்யாணப் பத்திரிகையில்கூட பேச்சியம்மாளுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'மாமி' என்று அச்சடித்திருந்தார்கள். இன்றும் தாராவியில் பேச்சியம்மாள் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. போன மாதம் அவளுடைய பேரன் என் வீட்டுக்கு வந்து, மாமிப் பாட்டி அனுப்பினாள் என்று அதிரசம் கொடுத்துவிட்டுப் போனான்.