கொச்சி மிஷினோடு எங்களுக்கிருந்த நல்லுறவு

இரண்டு கம்பெனிகள் மனமொத்து வாழ வேண்டுமானால் நடுவே நூற்றைம்பது கிலோமீட்டர் மலைப்பாதை இருக்க வேண்டும். இந்த மகத்தான உண்மையை உலகத்துக்கு வழங்கியவர்கள் நாங்கள்தான். ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலு. இடம், சூரியநெல்லிக்கு மேலே, மேகம் ஜன்னல் வழியாக நுழைந்து பைல்களை நனைத்துவிட்டுப் போகும் எங்கள் தேயிலை எஸ்டேட் ஆபீஸ்.

அதுவரை தொழிலாளர் பட்டியலை நாங்களே எழுதிக்கொண்டிருந்தோம். ஓர் ஆளைப் பார்ப்பது, பேரைக் கேட்பது, நோட்டில் எழுதுவது. என்ன காட்டுமிராண்டித்தனம்! மானேஜர் துரை மெட்ராஸில் ஒரு மாநாட்டுக்குப் போய் வந்தார். "இனிமே நாம ஆளைப் பார்க்க வேண்டியதில்லை" என்று அறிவித்தார்.

கொச்சியில் ஒரு கம்பெனி கம்ப்யூட்டர் வைத்திருந்தது. எங்கள் ஆட்களில் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. அட்டையில் பொடிப்பொடியாக ஓட்டைகள். மாதம் ஒருமுறை அட்டைகள் ஜீப்பில் கொச்சிக்குப் போகும். மிஷின் ஓட்டைகளைப் படித்துவிட்டு, எங்களிடம் யார் யார் வேலை செய்கிறார்கள் என்று எங்களுக்கே சொல்லி அனுப்பும். பட்டியலில் இருந்தால் வேலை உண்டு, தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வீடு உண்டு. இல்லையென்றால் இரண்டும் கிடையாது.

இந்த உறவைப் பேணிக் காக்கும் "தொடர்பு அலுவலர்" பதவி எனக்கு வந்தது. நான் லயத்தில் பிறந்து, உரமூட்டை சுமந்தபடியே பத்தாவது முடித்தவன். அறிவும் முதுகும் ஒரே ஆளிடம் அமைந்தது துரைக்குப் பிடித்திருந்தது. அட்டைப்பெட்டி கனமானது.

ஜூனில் மழை பிடித்தது. கொச்சியிலிருந்து கடிதம்: "தாங்கள் அனுப்பிய தொழிலாளர்கள் ஈரமாக உள்ளனர். மிஷின் ஏற்கவில்லை. உலர்ந்தவர்களை அனுப்பவும்."

துரை சிரித்தார். "தினம் பத்தாயிரம் கிலோ கொழுந்தைக் காய வைக்கிற பாக்டரி நம்மது. ஒரு பெட்டி அட்டை காயாதா?"

அட்டைகளை எண் வரிசைப்படி தட்டில் பரப்பி, தேயிலை உலர்த்தும் டிரையருக்குள் தள்ளினேன். அட்டைகள் வெளியே வந்தபோது கமகமவென்று முதல்தரத் தேயிலை மணம். அடுப்புப் பக்கம் இருந்த முதல் வரிசை மட்டும் அப்பளமாகச் சுருண்டிருந்தது. முழங்கையால் அழுத்தி நிமிர்த்தி அனுப்பிவைத்தேன்.

பட்டியல் வந்தது. பதினொரு பேரைக் காணவில்லை. ஒன்று முதல் பதினொன்று வரை. எஸ்டேட்டில் எல்லோருக்கும் முன்னால் வந்து சேர்ந்தவர்கள் என்பதால் அவர்களுக்கு அந்த எண்கள்.

ஏழாம் எண் மூக்கம்மாள். இருபத்தாறு வருஷமாகக் கொழுந்து எடுப்பவள். புருஷன் செத்துப்போனான். லயத்து ஒற்றை அறையைத் தவிர அவளுக்கு இந்த பூமியில் வேறு கூரை கிடையாது. கூடையோடு ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள்.

"ஏலே அழகுமலை, காலைல எம்பேரைக் கூப்பிடவே இல்ல. வீட்டைக் காலி பண்ணணுமாம், கங்காணி சொல்லுதாரு. என்னல இது?"

"பட்டியல்ல நீங்க இல்ல சித்தி."

"நான் இங்க நிக்கேன்லா?"

"இங்க நின்னா செல்லாது. கொச்சில இருக்கணும்."

"கொச்சில போயி நான் என்னத்தல கிள்ளுறது?"

முறைப்படி ஒரு படிவம் கொடுத்தேன். புது அட்டை கோரும் விண்ணப்பம். முதல் கேள்வி: "கடைசிப் பட்டியலில் உங்கள் எண் என்ன?"

"பட்டியல்ல இல்லன்னுதானல வந்திருக்கேன்?"

"பட்டியல்ல இருக்கவங்கதான் இல்லன்னு எழுதிக் கொடுக்க முடியும் சித்தி."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை.

"நல்லுறவு மீளாய்வுக் கூட்டம்" கூட்டப்பட்டது. கொச்சிக் கம்பெனியின் சார்பில் இட்டூப் சார், மப்ளரும் குரங்குக் குல்லாயுமாக வந்திருந்தார். மூக்கம்மாள் வாசலில், மழைக்குச் சாக்கைத் தலையில் போட்டபடி நின்றாள்.

இட்டூப் சார் தொடங்கினார். "எங்க மிஷினுக்குத் தெற்று பற்றில்ல, கேட்டோ. நிங்கள் தந்ததைத்தான் அது வாசிச்சது."

"எங்ககிட்டயும் தப்பு கிடையாது" என்றார் துரை. "நீங்க தந்த பட்டியல்படிதான் நாங்க நடக்கிறோம்."

"அப்போ நிங்களுக்குத் தெற்றில்ல."

"உங்களுக்கும் இல்ல."

இருவரும் எழுந்து கைகுலுக்கினார்கள். துரைக்குக் கண் கலங்கியே விட்டது.

வாசலிலிருந்து குரல் வந்தது. "அய்யா, அப்ப எம்மேலயா தப்பு?"

"ஆரா அது?" என்றார் இட்டூப் சார்.

துரை பட்டியலில் மேலிருந்து கீழ்வரை விரலால் தேடினார். "அப்படி யாரும் இல்ல" என்றார்.

அந்த நெருக்கடியில் தீர்வு கண்டவன் நான்தான். "புது ஆளாச் சேர்த்துக்கலாமே துரை. அறுநூற்றுப் பன்னிரண்டாம் நம்பர். தற்காலிகம்."

தற்காலிகத்துக்கு வீடு கிடையாது. பழைய இருபத்தாறு வருஷமும் கிடையாது. அதற்குச் சேரவேண்டிய பணிக்கொடையும் கிடையாது. இதை நான் சொல்லி முடித்ததும் துரை நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு மெல்லக் கேட்டார்.

"பன்னிரண்டுலருந்து முப்பது வரைக்கும் அட்டை எப்படி இருக்கு?"

"அருமையாக் காஞ்சிருக்கு துரை. ஒண்ணுகூடச் சுருளல."

"அடுத்த மாசம் அதை அடுப்புப் பக்கமா வை."

இட்டூப் சார் பலகாரத் தட்டில் மிகுந்த கவனம் செலுத்தினார். ஒப்பந்தம் அன்றே மூன்று வருஷத்துக்கு நீட்டிக்கப்பட்டது.

முன்பெல்லாம் ஓர் ஆளை நீக்க நோட்டீஸ் வேண்டும், விசாரணை வேண்டும், யூனியனுக்குப் பதில் சொல்ல வேண்டும். இப்போது யூனியன் தலைவர் சுடலை வந்து மேசையைக் குத்தினால், கொச்சி விலாசத்தை அழகாக எழுதிக் கொடுத்துவிடுவேன். அவர் கொச்சிக்கு எழுதினார். எஸ்டேட்டைக் கேட்கும்படி பதில் வந்தது. எஸ்டேட்டைக் கேட்டார். விலாசம் கொடுத்தோம்.

வீட்டைக் காலி செய்யும் நோட்டீஸ் மட்டும் பாக்கி. கங்காணி இரண்டு நாள் லயத்தைச் சுற்றிவந்தும் பதினொரு பேரில் ஒருவரும் கதவு திறக்கவில்லை. மூன்றாம் நாள் துரை அந்தக் காகிதங்களை என் கையில் கொடுத்தார்.

மூக்கம்மாள் வீட்டுக் கதவை ஒருமுறைதான் தட்டினேன். "வாலே, மழைல நனையாத" என்று உள்ளே இழுத்து, அவள் தலைத்துண்டால் என் தலையைத் துவட்டினாள். "ஏலே, அட்டை கெடச்சிட்டா?" என்றாள்.

நான் காகிதத்தை நீட்டினேன்.

இப்போது நான் உதவி மானேஜர். மற்ற எஸ்டேட்டுக்காரர்கள் வந்து வெற்றியின் ரகசியம் கேட்கிறார்கள். மிஷின் எந்த ஊரில் இருந்தாலும் சரி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரி, இந்தத் தொழிலுக்கு அடிப்படை நம்பிக்கைதான் என்கிறேன். கங்காணிக்குத் திறக்காத பதினொரு கதவுகளும், "நான்தான், அழகுமலை" என்றதும் திறந்தன.