இருபத்தொரு நத்தைகளும் ஒரு செப்பேடும்

உவர்மங்கலம் என்றொரு நாடு. மூன்று பக்கம் கடல், நான்காவது பக்கம் உப்பளம். எந்த வரைபடத்திலும் கிடையாது. தேடிப் பார்த்துவிட்டு என்னைத் திட்ட வேண்டாம்.

அந்த நாட்டில் அரசனாவது எளிது, அரசனாக நீடிப்பதுதான் கடினம். அரண்மனை முற்றத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. அதில் கடல்நீர், கடல்நீரில் இருபத்தொரு நத்தைகள். ஆண்டுக்கு ஒருமுறை, நத்தைக் கணக்கு நாளன்று, மக்கள் முன்னிலையில் அவற்றை எண்ணுவார்கள். பாதிக்கு மேல் அசைந்தால் அரசர் இன்னோர் ஆண்டு ஆளலாம். அசையாவிட்டால் முடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். நாட்டை உண்டாக்கிய மீனவர்கள் எழுதிய சட்டம் இது. அவர்கள் பெரிய படிப்பாளிகள் அல்லர். வாயில்லாச் சீவன் இருபத்தொன்றைச் சாகாமல் பார்த்துக்கொள்ளத் தெரியாதவன் நம்மை எங்கே பார்த்துக்கொள்ளப் போகிறான் என்று நினைத்தார்கள், அவ்வளவுதான்.

தொட்டியைக் கவனித்தவள் ஆவுடைத்தாய். உப்பளத்தில் பிறந்து வளர்ந்தவள். காலையில் வந்ததும், வெயிலில் வற்றிய அளவுக்கு ஒரு குடம் நல்ல தண்ணீர் ஊற்றுவாள். கவிழ்ந்து கிடக்கும் நத்தைகளை நிமிர்த்தி வைப்பாள், ஏனென்றால் நத்தை மல்லாந்துவிட்டால் பல நேரம் தானாக எழ முடியாது. அப்படியே கிடந்து செத்துப்போகும். கண்ணாடியின் ஒரு பக்கத்தில் படியும் பச்சைப் பாசியை மட்டும் தொடவே மாட்டாள். அதுதான் அவற்றின் சோறு. இப்படி நாலு அரசர்கள் காலம் நல்லபடியாகவே போயிற்று. அந்த நால்வரும் நத்தைக்காக ஒன்றுமே செய்யவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஐந்தாவதாக வந்த நெடுமுடியாருக்கு எதையாவது செய்து காட்ட வேண்டும் என்ற அரிப்பு இருந்தது. அவருடைய அமைச்சர் நாநலத்தார் அந்த அரிப்புக்குச் சொறிந்துவிடப் பிறந்தவர். பதவியேற்ற மூன்றாம் நாள் இருவரும் தொட்டியைப் பார்வையிட வந்தார்கள். ஆவுடைத்தாய் குடத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்து! கடல்நீர்த் தொட்டியில் கிணற்று நீரா? இது கலப்படம் அல்லவா?" என்றார் நாநலத்தார்.

"அய்யா, வெயில்ல ஆவியாப் போறது தண்ணி மட்டுந்தான். உப்பு அங்கனயே கெடக்கும். அதுக்கு மேல உப்புத்தண்ணியவே ஊத்துனா தொட்டி உப்பளமா ஆயிரும். நாங்க உப்பு வெளைய வைக்கிறதே அப்படித்தான்."

"உன் அனுபவத்தை அரசு பாராட்டுகிறது," என்று சொல்லிவிட்டு அமைச்சர் முதல் ஆணையை எழுதினார். கடலின் தூய்மையைக் காக்க, இனிமேல் தொட்டியில் கடல்நீர் மட்டுமே ஊற்றப்படும். ஒரு மாதத்தில் நத்தைகள் தண்ணீரை விட்டு மேலேறிக் கண்ணாடியின் விளிம்பில் வந்து ஒட்டிக்கொண்டன. குடிமக்கள் உயர்ந்துவிட்டார்கள் என்று அரண்மனை முரசறைந்தது.

இரண்டாவது ஆணை தூய்மை பற்றியது. பாசி படிந்த கண்ணாடி வழியே பார்த்தால் நாடு மங்கலாகத் தெரிகிறது என்று மன்னர் வருந்தினார். தினம் மூன்று வேளை தொட்டி தேய்த்துக் கழுவப்பட்டது. நத்தைகள் பளபளக்கும் கண்ணாடியை நக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தன.

"பசியில கெறங்கிப் போய்க் கெடக்குதுக சாமி," என்றாள் ஆவுடைத்தாய்.

"அவை நம் கண்ணாடியை முத்தமிடுகின்றன," என்றார் மன்னர், கண்கலங்க.

பசியில் பிடி தளர்ந்து நத்தைகள் விழ ஆரம்பித்தன. விழுந்தவை கவிழ்ந்தன. அவள் தண்ணீரில் கைவிட்டபோது அமைச்சர் மூன்றாவது ஆணையை நீட்டினார். தற்சார்பே நாட்டின் உயிர்மூச்சு என்பதால் எந்த நத்தையையும் எவரும் தூக்கிவிடக் கூடாது. உதவி கட்டாயம் வேண்டும் என்று கருதும் நத்தை, கவிழ்ந்த நாளிலிருந்து ஏழு நாட்களுக்குள் இரண்டு நகல்களுடன் விண்ணப்பிக்கலாம். ஏழு நாட்களில் நான்கு நத்தைகள் செத்தன. விண்ணப்பம் ஒன்றும் வரவில்லை ஆதலால் குறை ஏதுமில்லை என்று கோப்பு மூடப்பட்டது. ஆவுடைத்தாய் அந்த நான்கையும் முந்தானையில் எடுத்துக்கொண்டு போய்க் கடற்கரையில் உட்கார்ந்து அழுதாள்.

இவ்வளவு நன்மைகளைச் செய்தபின் அவற்றைப் பொறித்து வைக்காமல் விட்டால் அது அடக்கமாகாது, அலட்சியமாகும் என்று நாநலத்தார் கருதினார். நத்தைகளுக்கு மன்னர் செய்த அறங்களை ஒரு செப்பேட்டில் வெட்டி, பயனடைந்தோர் நாள்தோறும் படிக்கும்படி தொட்டிக்கு உள்ளேயே நிறுத்துவது என்று முடிவாயிற்று.

ஆவுடைத்தாய் அமைச்சர் முன்னால் ஓடி வந்தாள். "அய்யா, பெரிய தோணிக்கு அடியில செம்புத் தகடு எதுக்கு அடிக்காகன்னு நெனைக்கிய? சங்கும் சிப்பியும் ஒட்டக் கூடாதுன்னுதான். செம்பு இதுகளுக்கு வெஷம். உள்ள வச்சா ஒன்னு மிஞ்சாது."

அமைச்சர் சிரித்தார். "அது வேற்று நாட்டுச் செம்பாக இருக்கும் அம்மா. இது நம் செம்பு."

செப்பேடு வெட்டி முடிய ஒரு வாரம் இருந்தது. அந்த ஒரு வாரமும் ஆவுடைத்தாயின் மதியச் சோற்றுத் தூக்குவாளி வீட்டுக்குக் கனமாகத் திரும்பியது. தினம் இரண்டு மூன்று நத்தைகள். அவற்றுக்கும் முன்பு செத்த நான்குக்கும் பதிலாகக் கரையில் பொறுக்கிய காலி ஓடுகளைத் தொட்டியில் போட்டு வைத்தாள். அரண்மனையில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஓடுகள் பழையபடி இருபத்தொன்று இருந்தன, அமைதியாகவும் இருந்தன.

கடைசி நாள்தான் அவள் கணவன் பிச்சைக்கண் கொல்லைப்புறத்தில் அவள் கடல்நீர் நிரப்பி நத்தைகளை விட்டிருந்த பழைய கல்தொட்டியை எட்டிப் பார்த்தான். "ஏட்டி, இது அரண்மனைச் சொத்துல்லா? தலைய எடுத்துருவானுவட்டி!"

"தலை என்னுது, எடுத்துட்டுப் போட்டும். இதுக பதினேழும் பொழைக்குமா பொழைக்காதான்னு நானே வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருக்கேன். நீங்க சும்மா நிக்காம ஒரு கொடம் நல்ல தண்ணி கோரிட்டு வாங்க."

பிச்சைக்கண் புலம்பிக்கொண்டே போய்க் கோரிவந்தான். கல்தொட்டியின் சுவரில் இரண்டு வாரத்தில் பாசி பிடித்தது. முதல் நத்தை வாயை வைத்து மேய்ந்ததைப் பார்த்த பிறகுதான் அவளுக்குத் தொண்டையில் சோறு இறங்கியது.

அரண்மனையில் செப்பேடு தண்ணீரில் இறங்கியது. உப்பு நீர் அதை அரிக்கத் தொடங்கியது. மன்னர் பெயர் இருந்த வரிதான் முதலில் பச்சையாகிப் போயிற்று. உடனே ஏட்டை எடுத்து, துலக்கி, வாசலில் மாட்டினார்கள். தண்ணீரையும் மாற்றினார்கள். இதெல்லாம் பெயருக்காகச் செய்ததே தவிர, நத்தைக்காக அல்ல.

கணக்கு நாள் நெருங்கியது. மன்னர் தொட்டியருகே வந்து ஒரு நாழிகை நின்றார். "இவை ஏன் அசையவில்லை?"

"தியானத்தில் இருக்கின்றன, மன்னா."

"கணக்கு நாளன்றும் தியானத்தில் இருந்தால் என் முடி என்னாவது?"

அன்றே காவலர்கள் கடற்கரைக்கு ஓடினார்கள். நன்றாக நடமாடும் நத்தைகளாகப் பார்த்து இருபத்தொன்று கொண்டு வரவேண்டும் என்பது உத்தரவு. கடலோரம் பழகாத காவலர்கள் உயிருள்ள நத்தையை உற்றுப் பார்த்ததில்லை. எந்த ஓடு வேகமாக ஓடியதோ அதைப் பிடித்து வந்தார்கள். துறவி நண்டு என்று ஒன்று உண்டு. செத்த நத்தையின் ஓட்டுக்குள் புகுந்து அதைத் தன் வீடாக்கிக்கொள்ளும். அதற்கு ஏன் துறவி என்று பெயர் வைத்தார்களோ தெரியாது. வந்தவை அத்தனையும் அவைதான். நாநலத்தார் குனிந்து பார்த்தார். கால்களைப் பார்த்தார், கொடுக்குகளைப் பார்த்தார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அருமையான நத்தைகள்," என்றார்.

பழைய ஓடுகளை வாரிக் கொட்டிவிட்டு இவற்றைத் தொட்டியில் விட்டார்கள். கணக்கு நாளன்று தொட்டிக்குள் ஓடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடின. ஒன்றை ஒன்று இடித்துத் தள்ளின. இருபத்தொன்றும் அசைந்தன.

"நேற்றுவரை ஊர்ந்த குடிமக்கள் எமது ஆட்சியில் ஓடுகிறார்கள்!" என்று மன்னர் முழங்கினார்.

கூட்டத்தில் தொம்மை என்ற கிழட்டு மீனவர் சத்தமாகவே கேட்டுவிட்டார். "அதுகளுக்குக் காலு எப்பய்யா மொளைச்சுது?"

"அதற்குப் பெயர்தான் வளர்ச்சி," என்றார் நாநலத்தார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அடுத்த ஆண்டு முழுவதும் ஆவுடைத்தாய் அரண்மனைக்குப் போய் 'நத்தை'களுக்கு மீன்துண்டும் தேங்காயும் போட்டாள். வீட்டுக்கு வந்து நத்தைகளைப் பார்த்துக்கொண்டாள். அங்கே நண்டுகள் கொழுத்தன. கொழுத்த நண்டுக்கு ஓடு போதாது. ஒன்றையொன்று கொடுக்கால் பிடித்து இழுத்து வெளியே போட்டுவிட்டுப் பெரிய ஓட்டில் குடியேறின. அரண்மனை அதைப் பொறுப்பு மாற்றம் என்று அறிவித்தது. இங்கே கல்தொட்டிச் சுவரில் வெள்ளைப் புள்ளிகளாக முட்டை ஒட்டியது. கொஞ்ச நாளில் கடுகு கடுகாகக் குஞ்சுகள் ஊர்ந்தன. "எண்ண முடியலட்டி!" என்று பிச்சைக்கண் அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டே திரிந்தான். அந்த வீட்டில் அவ்வளவு சந்தோஷம் அதற்கு முன் இருந்ததில்லை.

மறுபடியும் கணக்கு நாள். கணக்கைத் தொடங்க ஊதும் அரசச் சங்கை முந்தைய நாள் அரண்மனைத் தொட்டி நீரில் ஊறவைத்து, மறுநாள் சிம்மாசனத்தின் அருகே பட்டுத் திண்டில் வைப்பது வழக்கம். அப்படியே வைத்தார்கள். மன்னர் அமர்ந்தார். சங்கூதி கை நீட்டினான். சங்கு எழுந்து நின்றது.

எட்டிப் பார்த்த கொடுக்கு கட்டைவிரல் தடிமன் இருந்தது. சங்கு திண்டிலிருந்து இறங்கி, சிம்மாசனத்தின் கைப்பிடியில் ஏறி, மன்னர் மடிமேல் நடந்தது. மன்னர் அலறிக்கொண்டு குதித்தபோது முடி உருண்டு மேசைக்கடியில் போயிற்று. காலியான இருக்கையின் நடுவில் சங்கு வசதியாக உட்கார்ந்துகொண்டது.

நாநலத்தார் மன்னரைப் பார்த்தார், சங்கைப் பார்த்தார். பிறகு இடுப்பு வரை குனிந்து, "சங்குவேந்தர் வாழ்க!" என்றார். பழக்கதோஷத்தில் பாதிக் கூட்டம் வாழ்க என்றது. மீதிப் பாதி சிரித்துக்கொண்டே கலைந்து போயிற்று.

கலைந்தவர்கள் ஆவுடைத்தாய் வீட்டுக்கு வந்தார்கள். நத்தைகள் அங்கே இருக்கும் சேதி எப்படிப் பரவியது என்று கேட்காதீர்கள், பிச்சைக்கண்ணால் எதையும் வாய்க்குள் வைத்துக்கொள்ள முடியாது. முன்னால் வந்தவர் தொம்மை.

"ஆவுடை, சிம்மாசனத்துல இருக்கது நண்டுன்னு நாலு பேராப் போய்ச் சொல்லிட்டு வருவமா?"

"அவுகளுக்குத் தெரியாதுன்னா நெனைக்கிய, அண்ணே?" என்றாள் அவள். "அது இருக்கட்டும். அந்தா மூலையில ஒன்னு கவுந்து கெடக்கு பாருங்க. கையக் கழுவிட்டு அத நிமித்தி விடுங்க."

தொம்மை கையைக் கழுவிக்கொண்டு வந்து நிமிர்த்தினார். கொஞ்ச நேரம் ஓடு சும்மா கிடந்தது. பிறகு மெதுவாகச் சதை வெளியே வந்து, சுவரைப் பிடித்து, பாசியை மேயத் தொடங்கியது.

அவருக்குப் பின்னால் நின்றவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். எல்லார் கையிலும் ஆளுக்கொரு சட்டி இருந்தது, குஞ்சு வாங்கிப் போக. நத்தைக் கணக்கு நாளன்று உவர்மங்கலத்தில் அவ்வளவு நீளமான வரிசை அதற்கு முன் நின்றதில்லை.