அப் ட்ரிப் வரிசையில் என் படிப்பு

உடையார்பாளையம் அருகிலிருந்து,
வியாழக்கிழமை காலை.

பெருமதிப்பிற்குரிய சரத்குமார் மாமா அவர்களுக்கு, உங்கள் அக்கா மகள் நர்மதா வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் நந்தினி அத்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே யாவரும் சுகம் என்று அடுத்து எழுதுவதுதான் முறை. யாவரும் சுகம்தான் மாமா, என்னைத் தவிர. எவ்வளவு சுகமென்றால், அப்பா நேற்று தன் பஸ்ஸில் ஏறியவர்களுக்கெல்லாம் டிக்கெட்டோடு சேர்த்து ஆளுக்கொரு லட்டு கொடுத்திருக்கிறார். ஜெயங்கொண்டத்தில் ஆரம்பித்த லட்டு அரியலூர் வருவதற்குள் தீர்ந்துவிட்டதாம். இரண்டு பேர் சில்லறை பாக்கியைக்கூடக் கேட்காமல் இறங்கிப் போனார்களாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை.

இந்தக் காலத்தில் கடிதமா என்று நீங்கள் கேட்கலாம். போனில் பேச வழியில்லை. தொடுதிரை போன் அப்பாவோடு டியூட்டிக்குப் போய்விடுகிறது. வீட்டில் இருப்பது அம்மாவின் பட்டன் போன். அதில் நான் யாருடன் பேசினாலும் சின்னம்மாள் அத்தை, “ஸ்பீக்கர்ல போடு, நாங்களும் நலம் விசாரிக்கிறோம்” என்கிறார். அப்பாவுக்கு அக்கா என்பதால் எங்கள் வீட்டு ஸ்பீக்கருக்கும் அவரே அதிகாரி. உங்களோடு பேசுவது அவருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் தாளில் எழுதி, பின் தெரு சுவாதியின் போனில் படம் பிடித்து உங்களுக்கு அனுப்பப் போகிறேன். அங்கே நின்று பேசினால் தெருவே கேட்கும். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். கோபத்தில் எழுதுவது.

விஷயம் இதுதான். நாளை மாலை ஐந்து மணிக்குள் நீங்கள் இங்கே வந்து அப்பாவிடம் பேச வேண்டும். பேசவில்லையென்றால் நான் நான்கு வருடம் சிவில் படிப்பேன்.

சுரங்கப் பொறியியல் படிக்க வேண்டும் என்று நான் பத்தாவதிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பது உங்களுக்குத் தெரியும். அது ஆசையில்லை மாமா, ஆத்திரம். அங்கமுத்து பெரியப்பாவின் முந்திரிக்காடு இப்போது எண்பது அடிப் பள்ளம். அதிலிருந்து சுண்ணாம்புக்கல் ஏற்றிவரும் லாரி ரோட்டைக் கடக்கும்போது, பஸ்ஸையும் பைக்கையும் நிறுத்தப் பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியுமாக ஒருவர் நிற்பார் இல்லையா? அது பெரியப்பாதான். தன் காட்டை ஏற்றிக்கொண்டு போகிற லாரிக்குத் தானே வழிவிடுகிற வேலை. பள்ளம் எவ்வளவு ஆழம் போகலாம், எந்தக் கிணறு வற்றும், எந்த வீட்டுச் சுவர் வெடிக்கும் என்று கையெழுத்துப் போடுகிறவர் வேறு ஊரிலிருந்து ஏ.சி. வண்டியில் வருகிறார். இந்த மண்ணில் பிறந்தவர்களுக்குக் கொடி, வெளியிலிருந்து வருகிறவர்களுக்குப் பேனா. அந்தப் பேனா எனக்கு வேண்டும். அவ்வளவுதான்.

அதற்காக நான் ஒரு நோட்டுப் போட்டேன். இந்த மாநிலத்தில் நம் மார்க்குக்கு எட்டக்கூடிய அரசுப் பல்கலைக்கழகம் மூன்று. எங்கள் வீட்டில் அவற்றுக்குப் பெயரே கிடையாது. பக்கத்துது, நடுவுது, தூரத்துது, அவ்வளவுதான். மூன்றையும் நான் கட்டம் போட்டு ஒப்பிட்டிருந்தேன். எந்த இடத்தில் எந்தப் படிப்பு, எத்தனை ஆசிரியர்கள், ஆய்வகத்தில் என்ன இருக்கிறது, விடுதி உண்டா, படித்தவர்கள் எங்கே போனார்கள். நாற்பது பக்கம். சுரங்கப் படிப்பு தூரத்துதில், சென்னையில், மட்டும்தான் இருக்கிறது. எனக்கு வந்த ரேங்குக்கு அங்கே சீட்டு கிடைக்கும். இதைச் சபையில் வைத்தேன். சபை என்றால் அப்பா, அத்தை, பெரியப்பா. அம்மா அடுப்படி வாசலில் நின்றார்.

நாற்பது பக்கத்தை யாரும் புரட்டவில்லை. அவரவர்க்கு ஒரு கட்டம் ஏற்கெனவே இருந்தது. அப்பாவின் கட்டத்தில் இருந்தது பஸ். “பக்கத்துதுக்கு எத்தனை சர்வீஸ் தெரியுமா? பதினெட்டு. நடுவுதுக்கு ரெண்டு பஸ் மாறணும். தூரத்துதுக்குக் கடைசி வண்டியை விட்டா விடிய விடிய ஸ்டாண்டுல உக்காரணும்.” ஒரு பல்கலைக்கழகத்தின் தரத்தை அது எத்தனை டிரிப் ஓடுகிறது என்று அளந்த முதல் மனிதர் என் அப்பாவாகத்தான் இருப்பார். பெரியப்பா எல்லாவற்றுக்கும், “பொண்ணு கெட்டி, எங்க போட்டாலும் படிச்சுக்கும்” என்றார். பாராட்டு மாதிரி இருக்கும், ஆனால் அதற்கு அர்த்தம் எங்கேயும் அனுப்ப வேண்டாம் என்பது.

அத்தையின் கட்டம்தான் பிரமாதம். “ஏண்டி, கல்யாணப் பத்திரிகையில காலேஜ் பேரையா அடிக்கப் போறோம்? பேருக்குப் பின்னாடி பி.இ.ன்னு போடுவான். பக்கத்துதுல படிச்சாலும் அதே பி.இ.தான், தூரத்துதுல படிச்சாலும் அதே பி.இ.தான். எழுத்து கூடவா வரப்போவுது?” என்றார். நாலு வருசப் படிப்பு, நாற்பது பக்க நோட்டு, எல்லாம் சேர்ந்து பத்திரிகையில் ரெண்டு எழுத்து. “வேலைக்குப் போக வேண்டாமா அத்தை?”ன்னு கேட்டேன். “போ, யாரு வேணாங்கிறா? ஆனா ரஞ்சன்குடிக் கோட்டையைத் தாண்டிப் படிக்கப்போன பொண்ணு திரும்பி வரும்போது நம்ம பொண்ணா வராது” என்றார். சென்னை ரோட்டில் அந்தக் கோட்டைதான் அவருக்கு எல்லை. கோட்டை கட்டினவனே இவ்வளவு காவல் போட்டிருக்க மாட்டான்.

அடுத்து உங்க பேர் வந்துச்சு. உங்க பேர் வரலைன்னா அது எங்க வூட்டுப் பேச்சே இல்லை. நீங்க தூரத்துதுல படிச்சீங்க, அங்கதான் நந்தினி அத்தையைப் பார்த்தீங்க, வேற சாதியில கட்டிக்கிட்டீங்க. அதனால தூரத்துது கெட்ட பல்கலைக்கழகம். உங்க கூடப் படிச்ச முன்னூறு பேர் அவங்கவங்க வூட்ல பார்த்த பொண்ணையே கட்டியிருப்பாங்க. அந்தக் கணக்கெல்லாம் யாருக்கும் வேண்டாம். அஞ்சு வருசமா யாரும் உங்க வூட்டு வாசப்படி மிதிக்கலை, ஆனா சொந்தத்துல எவனுக்காவது வேலை வேணும்னா மட்டும், “நம்ம சரத்து மெட்ராஸ்ல பெரிய எடத்துல இருக்கான்”னு சொல்லிக்கிறாங்க. இதைப் பேசுறப்ப உங்க அக்கா, அதான் எங்கம்மா, ஒரு வார்த்தை பேசலை. சொந்தத் தம்பியைப் பேசுறாங்க, பெத்த பொண்ணோட படிப்பைப் பேசுறாங்க, இவங்க நின்னுக்கிட்டுப் புளி கரைக்கிறாங்க. உங்க அக்காவுக்கு வாயில நாக்கு இருக்கான்னே எனக்குச் சந்தேகம் மாமா. கோவிச்சுக்காதீங்க.

இருந்தாலும் அப்பா கடைசியில, “சரி, நீ எழுதுற லிஸ்டையே போடுவோம், எது கிடைக்குதோ கிடைக்கட்டும்”னு இறங்கி வந்தார். எனக்கு உசுரு வந்துச்சு. டியூட்டி மாத்திக்கிட்டு என்னைப் பெரம்பலூருக்குக் கூட்டிட்டுப் போனார். பஸ் ஸ்டாண்டு எதிர்ல ஒரு பிரவுசிங் சென்டர். ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரு ஆள்தான் உக்காரணும்னு சட்டம் பேசினான் கடைக்காரன். ஓ.டி.பி. அப்பா போனுக்குத்தான் வரும், அதனால அப்பா உக்காந்தார். மூணு இடத்துலயும் சேர்த்துப் பதினோரு விருப்பத்தை வரிசையா எழுதி அவர் கையில கொடுத்தேன். முதல்ல தூரத்துது, சுரங்கம். அப்புறம் நடுவுது. ஒன்னுமே கிடைக்காட்டி வச்சுக்கலாம்னு கடைசியில பக்கத்துது, சிவில். கடைக்காரன் ஜாதிச் சான்றிதழுக்கு ஒரு ஜெராக்ஸ் கேட்டான். அவன் மெஷின் ரிப்பேர், பக்கத்துக் கடைக்குப் போனேன். பத்து நிமிசம் மாமா. பத்தே நிமிசம். திரும்பி வந்தா அப்பா லிஸ்டைப் பூட்டிட்டு, ஓ.டி.பி.யையும் போட்டுட்டு, ஜம்முன்னு டீ குடிச்சிக்கிட்டு இருக்கார்.

“நீ எழுதினது தலைகீழா இருந்துச்சு பாப்பா, திருத்திட்டேன்”னார்.

“என்னப்பா தலைகீழ்?”

“மெட்ராஸ்ல ஆரம்பிச்சு நம்மூர்ல முடிச்சிருந்த. அது ரிட்டர்ன் ட்ரிப்பு. நம்ம ஊர்லேருந்துதானே கிளம்புறோம்? அப் ட்ரிப்பா மாத்தி வரிசையா போட்டுட்டேன். ஒரு ஸ்டேஜ் விடலை.”

முதல்ல இருக்கிறதைத்தான் கம்ப்யூட்டர் முதல்ல கொடுக்கும், அது கிடைச்சிட்டா கீழ இருக்கிற எதையும் எட்டிக்கூடப் பார்க்காதுன்னு நான் கத்துறேன். அவர் நிதானமா, “அதெப்படி, கடைசி ஸ்டாப்புக்குப் போறவன் நடுவுல இருக்கிற ஸ்டாப்பைத் தாண்டித்தானே போகணும்?”ங்கிறார். இருபத்திரண்டு வருசமா ஸ்டேஜ் பார்த்துக் கிழிச்ச மனுசன். உலகமே அவருக்கு ஒரு ரூட்டுதான். பூட்டினதைத் திறக்க முடியாதுன்னுட்டான் கடைக்காரன். தெரியாமச் செஞ்சாரா, தெரிஞ்சே செஞ்சாரான்னு வர்ற வழியெல்லாம் அவர் முகத்தையே பார்த்தேன். எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியலை. அதுதான் எனக்கு இன்னும் எரியுது.

நேத்து முடிவு வந்துச்சு. பக்கத்துது, சிவில், முதல் விருப்பம். பக்கத்துது மோசம்னு நான் சொல்லலை. சிவில் வேணுங்கிறவங்களுக்கு நல்ல இடம்தான். ஆனா ஊரே வந்து, “கேட்ட முதல் இடமே கிடைச்சிருச்சாமே! லட்சத்துல ஒருத்தருக்குக் கிடைக்குமா?”ன்னு கையைப் பிடிச்சுக் குலுக்குது. நான் அழுதா, “சந்தோசத்துல அழுவுது பாரு”ன்னு அத்தை கன்னத்தைத் துடைச்சு விடுறாங்க. கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு நெல்லுக் கொட்டுறதா வேண்டிக்கிட்டாங்களாம். எதுக்காக வேண்டினாங்கன்னு நான் கேட்கலை. பெருமாள் யார் பேச்சைக் கேட்டார்னுதான் தெரிஞ்சு போச்சே.

நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள பதில் அழுத்தணும், மூணு வழிதான் இருக்கு. ஒன்னு, இதை ஏத்துக்கிறேன்னு அழுத்தணும். ரெண்டாவது, ஏத்துக்கிறேன், ஆனா இதுக்கு மேல உள்ள விருப்பம் காலியானா அங்க போறேன்னு சொல்லலாம். நான்தான் முதல் விருப்பத்துலயே உக்காந்திருக்கேனே, எனக்கு மேல கூரைதான். மூணாவது, வேண்டாம்னு தள்ளிட்டு அடுத்த ரவுண்டுல புதுசா லிஸ்ட் எழுதுறது. அதுல சுரங்கச் சீட்டு மிச்சம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எதை அழுத்தினாலும் அப்பா போனுக்கு ஓ.டி.பி. வரும். அவர் முதல் வழியைத்தான் அழுத்துவார். அதனாலதான் உங்களைக் கூப்பிடுறேன். உங்க பேரே இந்த வூட்ல கெட்ட பேருன்னு தெரியும். அந்த இடம் ஆளை முழுங்குற இடமில்லைன்னு சொல்ல, அங்க படிச்ச மனுசன் எனக்கு வேற யாரு இருக்கா? வந்து திட்டு வாங்கியாவது பேசுங்க மாமா.

நந்தினி அத்தைக்கு என் வணக்கம். இங்கிருந்து யாரும் சொல்லச் சொல்லவில்லை, நானாகத்தான் சொல்கிறேன். பெரியவர்களின் ஆசியும் அனுப்ப வேண்டும் என்பது வழக்கம். கைவசம் இல்லாததால் அனுப்பவில்லை.

இப்படிக்கு,
முதல் விருப்பத்தில் மாட்டிக்கொண்ட
நர்மதா

பின்குறிப்பு: மாமா, வராதீங்க. மேலே எழுதினது அத்தனையும் காலையில எழுதினது. கிழிக்க மனசில்லாம அப்படியே அனுப்புறேன்.

மத்தியானம் அம்மா கொல்லையிலேருந்து வந்து, கையைத் துடைச்சிக்கிட்டுக் கடிதத்தை வாங்கி ஒவ்வொரு எழுத்தாப் படிச்சாங்க. நாக்கு இருக்கான்னு நான் எழுதின இடத்துல கொஞ்ச நேரம் நின்னாங்க. அப்புறம், “சுவாதியைப் போனோட வரச்சொல்லு. உங்கத்தை தூங்குறாங்க”ன்னாங்க. சுவாதி போன்ல மூணாவது வழியை அழுத்தினதும், அம்மா பட்டன் போன்ல அப்பாவைக் கூப்பிட்டாங்க.

“ஏங்க, உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும் பாருங்க. சிலிண்டர்காரன் வந்து நிக்கிறான். நம்பர் சொன்னாத்தான் எறக்குவேங்கிறான்.”

“போன வாரந்தானே வந்துச்சு?”

“அது வேறங்க. சீக்கிரம் சொல்லுங்க, வண்டியை எடுத்துருவான்.”

“ஆறு... நாலு... கல்லங்குறிச்சி ரோடு எறங்கறவங்க முன்னாடி வாங்க... ஒன்னு... யோவ், படியில நிக்காத, உள்ள ஏறு... ஒன்னு, எட்டு, ரெண்டு. எழுதிக்கிட்டியா?”

“எழுதிக்கிட்டேங்க. சாப்பிட்டீங்களா?”

தள்ளியாச்சு மாமா. பக்கத்துது போயிடுச்சு. உங்களை வர வேண்டாம்னு எழுதச் சொன்னதும் அம்மாதான். “அவன் வந்தா உன் படிப்பை விட்டுட்டு அவன் கல்யாணத்தைப் பேச உக்காந்துருவாங்க”ன்னாங்க. சாயங்காலம் அப்பா வந்தா என்ன சொல்றதுன்னு கேட்டேன். “நான்தான் பொய் சொன்னேன், நானே சொல்லிக்கிறேன். நீ முந்திரிக்கொட்டையாட்டம் முன்னாடி வந்து நிக்காத”ன்னாங்க.

அடுத்த ரவுண்டுல அந்தச் சீட்டு இருக்குமான்னு எனக்குத் தெரியலை. அம்மாகிட்டயும் அதைச் சொன்னேன். இல்லைன்னா என்ன ஆகும்னு கேட்டாங்க. இந்த வருசம் கையில ஒன்னும் இருக்காதும்மா, பக்கத்துதும் போச்சுன்னேன். அதுக்கு அம்மா சொன்னாங்க: “அப்பன்னா இந்தத் தடவை பெரம்பலூருக்கு நான் வரேன். நாற்காலி ஒன்னுதான்னு சொன்னா நீ உக்காரு. நான் பின்னாடி நின்னுக்கிறேன்.”