உள்ளே அடித்த தகரம்

கடமை உணர்ச்சிக்கு விலையே கிடையாது என்று மேடையில் பேசுபவர்கள் எங்கள் விடுதி அலுவலகத்துக்கு வந்ததில்லை. இங்கே உண்டு. ஏழடி தகரம், இருபத்திரண்டு ஆணி. பேரம் கிடையாது.

விடுதிச் சமையலறையின் புகைபோக்கி கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே போகிறது. துளைத்த இடத்து இடுக்கில் மழை இறங்கும். இறங்கி, நேராக அரிசி மூட்டையில் உட்காரும். அதற்காகச் சமையல்கார அக்காவுக்கு ஏற்கெனவே இரண்டு மெமோ கொடுத்தாயிற்று. குற்றம்: 'மழைநீரை முன் அனுமதியின்றி உள்ளே விட்டமை'. மூன்றாவது வந்தால் வேலை போய்விடும். அவர் வீட்டில் சம்பளம் வாங்கும் கை அது ஒன்றுதான்.

இடுக்கைச் சுற்றித் தகரம் மடித்து அடிக்க உத்தரவானது. தகரக்காரர் ஏணியோடு வந்தார். எங்கள் பொறியாளர் தடுத்தார்.

"எங்கய்யா ஏறுறே?"

"கூரைக்குங்க. மழை மேல இருந்துதானே வருது?"

"மழை எங்கிருந்து வேணா வரட்டும். கையெழுத்துப் போடுறவன் கீழ நிக்கிறேன். கண்ணால பாக்காத வேலைக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன். நேர்மைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"நீங்களும் ஏறிப் பாருங்க சார்."

"எனக்குத் தலை சுத்தும். உள்பக்கமா அடி."

எப்பேர்ப்பட்ட நேர்மை! தகரம் உட்கூரையில், புகைபோக்கியைச் சுற்றி, தண்ணீர்த் தொட்டிபோல் ஏறியது. வெள்ளி வண்ணம் பூசி, நாடா வெட்டினோம்.

அக்கா மட்டும் அண்ணாந்து பார்த்தார். "சார், இது ஓட்டைய அடைக்கலையே, மறைக்கத்தானே செய்யுது!"

"ஏம்மா, இப்ப ஒழுகுதா?"

"இப்ப மழையே இல்லையே சார்."

"பாத்தீங்களா? அடிச்ச உடனே நின்னுடுச்சு!"

நாங்கள் கைதட்டினோம்.

அடுத்த வாரம் நான்கு நாள் அடைமழை. தரையில் ஒரு சொட்டு இல்லை. பொறியாளருக்குப் பாராட்டுக் கடிதம் போனது. அத்தனை தண்ணீரும் தகரத்துக்குள் தேங்கியிருந்தது. ஐந்தாம் நாள் ஆணிகள் கழன்று, தகரமும் தண்ணீரும் ஒன்றாகச் சோற்று அண்டாவில் இறங்கின. அக்கா பாத்திரம் கழுவப் போயிருந்ததால் தலை தப்பியது.

விசாரணை கறாராக நடந்தது. பொறியாளர் காரணத்தைக் கண்டுபிடித்தார்: ஆவி பட்டு ஆணி துருப்பிடித்துவிட்டது. சமையலறையில் சமைத்ததே காரணம்.

"அப்ப சமைக்காம இருந்திருக்கணுமா சார்?" என்றார் அக்கா.

"அதத்தாம்மா மூணாவது மெமோல சொல்லியிருக்கோம். நாளைலேருந்து சமைக்க வேண்டாம்."

மூன்று மெமோக்களையும் ஓர் எழுத்துப் பிழையில்லாமல் தட்டச்சு செய்தவன் நான்தான். கோப்பை மூடுமுன் கணக்கை எழுதிவிடுகிறேன். நசுங்கிய தகரம், ஒன்று. அடைபடாத ஓட்டை, ஒன்று. வேலை செய்து வெளியே போனவர், ஒருவர். வேலை செய்யாமல் உள்ளே இருப்பவர்கள், என்னையும் சேர்த்து எட்டுப் பேர், ஒருவர்கூட நனையவில்லை.