கம்ப்யூட்டர் பேயை ஓட்டிய மின்னொளிச் சாமி

1987. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி ஆனால் போதும், சிங்கப்பூர் டன்லப் தெருவில் அந்த மாடிப்படியில் கால் வைக்க இடம் இருக்காது. டை கட்டியவர்கள், பிரீஃப்கேஸ் பிடித்தவர்கள், பட்டம் வாங்கியவர்கள். எல்லார் கையிலும் ஓர் எலுமிச்சம்பழம். மேலே உட்கார்ந்திருந்தவர் மின்னொளிச் சாமி. கம்ப்யூட்டரைப் பிடித்த பேயை ஓட்டுவது அவர் தொழில். பேய்க்கும் பதவி உயர்வு கிடைத்த காலம் அது. புளியமரத்தை விட்டு இறங்கி ஏர்கான் அறைக்குக் குடிவந்திருந்தது.

செசில் தெருவில் ஒரு கப்பல் ஏஜென்சி. இனி எல்லாம் எலக்ட்ரானிக் மெயில்தான் என்று அங்கே உத்தரவு போட்டார்கள். இன்று மின்னஞ்சல் என்கிறோமே, அதுதான். ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு பாஸ்வேர்ட், அரை மணி நேரப் பயிற்சி. அதில் பாதி டீ குடிப்பதில் போயிற்று.

ஆம்ப்ரோஸ் அங்கே இருபது வருஷமாகக் கப்பல் வரத்து பார்க்கும் கிளார்க். திடீரென அவருக்குக் கடிதம் வருவது நின்றது. செம்பவாங் கப்பல் பட்டறையிலிருந்து வரவேண்டிய ஒரு செய்தி வராமல், ஒரு கப்பல் நாள் முழுக்கக் கடலில் காத்துக் கிடந்தது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார் மேனேஜர்.

கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்த்த தனசேகரன் காதோடு சொன்னான். "மெஷின்ல ஒண்ணும் இல்லண்ணே. இது வேற சமாச்சாரம். சாமியைப் பாருங்க."

ஞாயிறு தவறாமல் சர்ச் பூசைக்குப் போகிறவர் ஆம்ப்ரோஸ். பேய் எந்த மதமோ, எதற்கும் இருக்கட்டும் என்று வெள்ளிக்கிழமை படியேறினார்.

"உன் பாஸ்வேர்டை இந்தத் தகட்டுல எழுது. வாசல் தெரிஞ்சாத்தான் பேயை வெளியே தள்ள முடியும்" என்றார் சாமி. நூறு வெள்ளி, அதாவது நூறு டாலர், தட்சிணை.

திங்கட்கிழமை கடிதங்கள் கொட்டின! அடுத்த வெள்ளிக்கிழமை சாமி கண்ணை மூடி, பம்பாயிலிருந்து வரப்போகும் கப்பலின் பெயரையே சொன்னார். ஆம்ப்ரோஸ் காலில் விழுந்தார். ஆனால் மாதம் ஒன்று ஆனதும் கடிதம் மறுபடி நின்றது. மறுபடி எலுமிச்சம்பழமும் நூறு வெள்ளியும் எடுத்து வைத்தார்.

"பேய்க்குச் சம்பள நாள் சரியாத் தெரியுதுண்ணே" என்றாள் பக்கத்து மேசை உர்சுலா.

"சிரிக்காதே லா. என் பொழப்பு போகுது."

அன்று திங்கட்கிழமை காலை. உர்சுலா நாற்காலியை நகர்த்தி அவர் திரையைப் பார்த்தாள். பெட்டியைத் திறந்ததும் மேலே ஒரு வரி வரும். அலுவலகத்தில் யாருமே படிக்காத வரி. கடைசியாகத் திறந்தது சனிக்கிழமை காலை 7.40 என்றது அது.

"அந்த நேரத்துல நீங்க இங்கேயா இருந்தீங்க?"

"தேக்கா மார்க்கெட்ல மீன் வாங்கிட்டிருந்தேன்."

"பெட்டியில அறுபது கடிதம்தான் பிடிக்கும். இப்ப அறுபதும் இருக்கு. புதுசா வர்றது எங்கே நுழையும்? இதுல நாப்பத்தொண்ணு கேன்டீன் நோட்டீஸ்! லக்சா நூடுல்ஸ் தீர்ந்துபோச்சுங்கிறதை எதுக்குண்ணே பத்திரமா வச்சிருக்கீங்க?"

"மேலிடத்துலேர்ந்து வந்ததை எப்படிம்மா அழிக்கிறது?" என்றார் ஆம்ப்ரோஸ். போய்விட்ட கப்பல்களின் கடிதங்களை மட்டும் மனமில்லாமல் அழித்து இடம் பண்ணினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அப்போ கப்பல் பேரைச் சாமி எப்படிச் சொன்னாரு?"

அதற்குத்தான் உர்சுலா அந்த வெள்ளிக்கிழமை அவரோடு படியேறினாள். தன் பெட்டியிலும் பேய் என்றாள். தகட்டில் பாஸ்வேர்டை எழுதினாள். தட்சிணையும் வைத்தாள். புதன்கிழமை, அவள் சொல்லச் சொல்ல ஆம்ப்ரோஸ் தன் பெட்டியிலிருந்து அவளுக்கு ஒரு கடிதம் தட்டினார். அவள் அதைத் திறக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. சாமி விபூதியை ஊதினார்.

"செம்பவாங் தெரியுது... ஏணி தெரியுது... உன் அண்ணன் எட்மண்ட், இடது கால் உடைஞ்சு கிடக்கான். கவலைப்படாதே. ஒரு பூசை போட்டா எழுந்து நடப்பான்."

"ஆஹா!" என்றது கூட்டம்.

"சாமி, எனக்கு அண்ணனே கிடையாது. எங்க வீட்ல நான் ஒரே பிள்ளை."

சாமி கண்ணைத் திறந்தார். "அது போன ஜென்மத்து அண்ணன்."

"போன ஜென்மத்துலயும் செம்பவாங்லதான் வேலையா?"

யாரோ சிரித்தார்கள். ஆம்ப்ரோஸ் பையிலிருந்து அச்சடித்த தாளை எடுத்தார். "எட்மண்ட், ஏணி, இடது கால். புதன்கிழமை நான் தட்டின பொய் இது. இவங்க பெட்டிக்கு மட்டும்தான் போச்சு."

"நானே இன்னும் திறக்கல" என்றாள் உர்சுலா. "பாஸ்வேர்டை இந்த ஒரு தகட்டுலதான் எழுதினேன். அப்போ திறந்து படிச்சது யாரு சாமி?"

முக்காலமும் உணர்ந்த சாமிக்குப் பின்பக்கச் சுழல்படி மட்டும்தான் அப்போது நினைவுக்கு வந்தது. பாதி வழியில் வேட்டி கம்பியில் மாட்டிக்கொண்டது. கூட்டம் அவரைப் பிடித்து, போலீஸ் வரும்வரை உட்கார வைத்தது.

திங்கட்கிழமை மேனேஜர் கேட்டதும் தனசேகரன் எல்லாவற்றையும் கக்கினான். சாமி தந்த பாஸ்வேர்டை வைத்து, ஆள் இல்லாத நேரம் பார்த்துப் பெட்டிகளைத் திறந்து படித்துச் சாமிக்குச் சொன்னதும் அவன், பழைய கடிதங்களை அழித்து இடம் பண்ணியதும் அவன். அன்றே அவனுக்கு வேலை போயிற்று. ஆம்ப்ரோஸ் முதலில் பாஸ்வேர்டை மாற்றினார். பிறகு கேன்டீன் நோட்டீஸ் நாற்பத்தொன்றையும் ஒவ்வொன்றாக அழித்தார். ஒவ்வொரு தடவையும் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். வேண்டியதற்குப் பதில் போட்டு, வேண்டாததை அழித்து, மிச்சத்தைக் கப்பல் வாரியாகப் பிரித்து வைக்க ஒரு வாரத்தில் பழகிவிட்டார். கடிதம் நிற்கவே இல்லை.

இத்தோடு புத்தி வந்தது என்று முடித்தால் எனக்கும் நிம்மதி. அடுத்த வாரம் உர்சுலாவின் மேசைமேல் ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது. பக்கத்தில் மூன்றாம் மாடி முகைதீன் கைகட்டி நின்றார்.

"என் பெட்டியிலயும் கடிதம் நின்னுபோச்சு. நீங்க எந்தக் கிழமை பார்ப்பீங்கம்மா?"

உர்சுலா எழுந்து தன் நாற்காலியில் அவரை உட்கார வைத்தாள். கடிதத்தை அழிக்கும் பொத்தானில் அவர் விரலையே வைக்கச் சொன்னாள்.

"பழத்தை வேணும்னா உங்களுக்காக நான் சாப்பிடுறேன் அண்ணே. யோசிக்கிறதை நீங்கதான் செய்யணும்."