ஓர் அங்குலத் தீர்ப்பு

அங்குலப் பரிசோதகர் என்றோர் இனம் உண்டு, நீங்கள் பார்த்திருப்பீர்கள். எங்கள் காஞ்சிபுரத்தில், பட்டு நெசவாளர் சங்கத்து மேசைக்குப் பின்னால், அதை அருகே நின்று கவனிக்கலாம். நெய்தவர் ஆறு கெஜப் புடவையை விரிக்க, இவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, இழை எண்ணும் கண்ணாடியையும் துடைத்து, மின்விசிறியை நிறுத்தச் சொல்லி, கைக்கு எட்டுகிற இடத்தில் ஓர் அங்குலத்தை எண்ணி, மிச்சத்துக்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுதிவிடுவார். கேட்டால், ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதமாம். சோற்றைக் கிளறிவிட்டுப் பதம் பார்க்கிறோம். புடவையை யார் கிளறினார்கள்?

எங்கள் நமச்சிவாயம் இந்த இனத்தில் நல்ல வளர்த்தி. அவர் பாஸ் செய்த புடவை ஒன்று சென்னைக் கடையிலிருந்து திரும்பி வந்தது, செயலாளர் கடிந்துகொண்டார், மறுநாளே, இத்தனை இழை குறையலாம் என்று விட்டிருந்த அளவை இவர் பாதியாக்கினார். நல்ல புடவைகளும் தேறாமல் நெய்தவர்களிடமே திரும்பின. நெசவாளர்கள் வாசலில் கூடியதும் தளர்த்தினார். மட்டமானவை நுழைந்தன. மறுபடி நெருக்கினார். இரண்டு தவறும் ஒருசேரக் குறைய வழி இல்லாமல் இல்லை: இன்னும் நாலு இடத்தில் எண்ணுவது. அதற்கு எழுந்து நிற்க வேண்டுமே.

நெருக்கிய வாரத்தில் கிருஷ்ணம்மாள் வந்தாள். புடவை தேறினால்தான் அடுத்ததற்குத் தறியில் ஏற்றப் பாவு நூல் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் தறி சும்மா கிடக்கும்.

“ரெண்டு இழை கம்மிம்மா.”

“போன மாசம் இதே ரெண்டு கம்மிக்குப் பாஸ் போட்டீங்களே சார்?”

“அது போன மாசம்.”

“கொஞ்சம் தள்ளி வெச்சி எண்ணுங்க சார். அங்க சரியா இருக்குது.”

“நீ காட்டற எடத்துல எண்ணினா அதுக்குப் பேரு பரிசோதனையா?”

“அப்போ உங்களுக்குப் புடிச்ச எடமா பாருங்க. மொத்தமும் உங்க எதிர்லதான கிடக்குது.”

“பாத்தாச்சும்மா. மடி.”

மடித்தாள். அந்தப் பாவு திருப்புட்குழித் தேவசகாயத்துக்குப் போயிற்று. அவர் புடவையிலும் இழை குறைந்த இடங்கள் உண்டு. கண்ணாடி அங்கே உட்காரவில்லை.

நமச்சிவாயத்தை மனசாரத் திட்டிவிட்டீர்களா? நல்லது. தறி காலியான கிருஷ்ணம்மாள் உங்கள் வீட்டுக்கு வந்து, உங்கள் பெண்ணுக்கு முகூர்த்தப் புடவை நெய்துதரட்டுமா என்று கேட்டாள் அல்லவா? “ஏதோ புடவை திரும்பிச்சாமே” என்று சொல்லி அனுப்பிவைத்தீர்கள். அவள் நெய்ததில் நீங்கள் எத்தனை அங்குலம் பார்த்தீர்கள்?