நாலு நிமிஷத்தில் திறந்த கதவு

பேரன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. இங்கே நான் நலம்; அங்கே நீயும் அத்தானும் வயிற்றில் இருக்கும் சின்னதும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். நலம் விசாரிப்பதை ஒரே வரியில் முடித்ததற்குக் கோபிக்காதே, விஷயம் அவசரம். போனில் சொன்னால் நடுவில் சிரிப்பாய் என்றுதான் கடிதம். கல்யாணமாகிப் பத்து நாள் ஆகிறது. என் மனைவி என்னோடு சண்டை போடவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. "சாப்பாடு மேசையில இருக்கு", "குடை கதவுக்குப் பின்னால இருக்கு" என்று எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் தெரிவிக்கிறாள். நீ பேசினால்தான் சரியாகும். நடந்ததை வேறு யாராவது சொல்லி நீ கேட்பதைவிட நானே சொல்லிவிடுகிறேன், கொஞ்சமாவது குறைத்துச் சொல்வேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் நீ போனில் சொன்னாய்: "டேய், டாக்டர் பயணம் கூடாதுன்னுட்டார், என்னால வர முடியல. எனக்காக ஒண்ணே ஒண்ணு செய். நாளைக்கு ஒரு நாள் எதையும் ரிப்பேர் பண்ணாதே. சிரி, விளையாடு, அந்தப் பொண்ணு பக்கத்துல இரு." நான் சரி என்றேன். சொன்ன சொல் தவறக் கூடாது என்று, சிரிப்பதற்கும் விளையாடுவதற்கும் கால அட்டவணையில் ஐந்தைந்து நிமிடம் ஒதுக்கினேன்.

அட்டவணையை மண்டபத்துத் தூணில் ஒட்டினேன். வாழ்த்த வருபவர்கள் நானூறு பேர், தலைக்குப் பன்னிரண்டு விநாடி, மொத்தம் எண்பது நிமிடம். கணக்கில் பிழை இல்லை. பெரியப்பாதான் கணக்குக்குள் அடங்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு நான் பிறந்த கதையை ஆரம்பித்தார், அதில் நான் பிறக்கவே முக்கால் நிமிடம் ஆகிவிட்டது, முதுகில் கைவைத்து மெதுவாக நகர்த்தினேன், அவரோ மைக்குக்குப் பக்கத்தில் நின்று "என்னடா, பஸ்ஸுல ஆள் ஏத்துற மாதிரி தள்ளுறே?" என்று கேட்டுவிட்டார். மண்டபமே சிரித்தது. அவளும் சிரித்தாள். நான் மட்டும் மைக்கில் வரும் இரைச்சலுக்கு எர்த் கம்பிதான் காரணமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் என் விலாவில் இடித்து, "மூணாவது வரிசையில உங்க மேனேஜர் தூங்குறார், வாயைப் பாருங்க" என்றாள். நான் பார்த்தது மேனேஜரை அல்ல, அவர் தலைக்கு மேலே ஆடிய மின்விசிறியை. புகைப்படக்காரர் பாவம், "சார், பொண்ணைப் பாருங்க சார், ஃபேனை நான் தனியா எடுத்துத் தரேன்" என்றார்.

இதெல்லாம் சில்லறை. அப்புறம்தான் லிஃப்ட். மொட்டை மாடியில் படம் எடுக்கலாம் என்று புகைப்படக்காரர் விளக்குகளோடு முன்னால் போய்விட, நாங்கள் இருவர் மட்டும் பின்னால் ஏறினோம். இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றது. அக்கா, நான் ஆறு வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவன். மற்ற மாப்பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் என்ன தோன்றுமோ, எனக்குக் கை அரித்தது. அவள் பொத்தான் பலகையில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

"கொஞ்சம் நகரு, பலகையைப் பார்க்கணும்."

"என்னைப் பாருங்களேன்."

"உன்கிட்ட கோளாறு இல்லையே!"

"சரி, இது யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று ஒரு புருவத்தைத் தூக்கி, என் கையைப் பிடித்து, அச்சு அசலாகப் பெரியப்பா மாதிரியே குலுக்கினாள். கையை உருவிக்கொண்டேன். கோட்டைக் கழற்றிவிட்டு மண்டியிட்டு, கதவிடுக்கில் ஸ்க்ரூடிரைவரை விட்டேன். (ஆமாம், கோட்டுப் பையில் இருந்தது.) "டார்ச் அடி" என்றேன். அடித்தாள். நாலே நிமிஷம்! கதவைத் திறந்து, அவளை மூட்டை மாதிரி மூன்றாவது மாடித் தரைக்கு ஏற்றிவிட்டு, பாராட்டுக்காகக் காத்திருந்தேன். அவள் உடையில் ஒட்டிய கிரீஸைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "காலையிலிருந்து நமக்குன்னு கிடைச்சதே இந்த நாலு நிமிஷம்தான். அதையும் ரிப்பேர் பண்ணிட்டீங்க."

அப்போதாவது வாயை மூடிக்கொண்டு அவள் பின்னால் போயிருக்கலாம். நான் மண்டப நிர்வாகியைத் தேடிப் போனேன். "காலையிலிருந்து நூறு தடவை ஏறி இறங்குச்சு சார், ஒரு தொந்தரவும் இல்லையே" என்று கெஞ்சியவரிடம், கதவு ஸ்விட்ச் தேய்ந்துவிட்டது என்று அரை மணி நேரம் பாடம் நடத்தி, அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நான் மேலே போய்ச் சேர்ந்தபோது வெயில் இறங்கிவிட்டது. மொட்டை மாடிப் படங்களில் மணப்பெண் மட்டும்தான் இருக்கிறாள், அக்கா. படு அழகாக இருக்கிறாள். அன்றைக்கு எப்படி இருந்தாள் என்று ஆல்பத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நீ ஒரு வார்த்தை பேசு. நான் திருந்திவிட்டேன் என்று மட்டும் சொல்லாதே, நம்ப மாட்டாள். அத்தானுக்கு வணக்கம். ஆசி சொல்லும் வயது எனக்கில்லை, ஆனாலும் சின்னதுக்கு என் ஆசிகள். அது அத்தானைப் போல இருக்கட்டும்.

உன் மண்டு,
தம்பி

பி.கு.: முகவரி சரிதானா பார் என்று அவளிடம் கொடுத்தேன், முழுக் கடிதத்தையும் படித்துவிட்டாள். "ஸ்விட்ச் தேய்ஞ்சிருச்சா!" என்று சிரித்தாள் பார், பத்து நாளில் முதல் சிரிப்பு. லிஃப்ட் பழுதாகவே இல்லையாம். முதுகுக்குப் பின்னால் இருந்த சிவப்பு ஸ்டாப் பொத்தானை அவள்தான் அழுத்தினாளாம்; வெளியே வருமுன் அவளே அதைப் பழையபடி இழுத்தும் விட்டாளாம். ஆறு வருட அனுபவம்! ஆகவே மேலே உள்ளதெல்லாம் தள்ளுபடி. நீ போன் செய்ய வேண்டாம், குறிப்பாக இப்போது. காய்கறி வாங்கக் கீழே போகலாம் என்கிறாள். எங்கள் வீடு எட்டாவது மாடி. "படியில இறங்கிடலாமா?" என்று கேட்டுப் பார்த்தேன். லிஃப்ட்தானாம்.